குருத்தெலும்பு ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

"குருத்தெலும்பு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் மகள், டாக்டர் சீட் கிடைக்காத ஏமாற்றத்தில் பேசுகிறாளோ?" என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. உங்கள் மகளிடம் பேசினேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல் ஆறுகிறது, எலும்பு கூடுகிறது, மூட்டுக் குருத்தெலும்பு மட்டும் ஏன் வளர்வதில்லை என்று கேட்கிறாள். ஏமாற்றத்தில் வருகிற கேள்வி இல்லை அது.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் பழுது பார்க்க ஆள் வருவதில்லை. கெட்டால் திரும்பாது என்று வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதிவிட்டார். நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, முழங்காலில் திரும்ப வைத்துப் பார்த்த முடிவுகளை சுவீடன் குழு ஒன்று வெளியிட்டது 1994-ல். நடுவில் 251 வருடம்! "எப்போது செட்டில் ஆவாள்?" என்று கேட்பவர்களுக்குப் பொறுமை வேண்டிய துறைதான்.

வேலை எப்படியிருக்கும் என்றால், இந்தச் செல்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால் நன்றாகப் பெருகும். ஆனால் குணம் மாறிவிடும். குருத்தெலும்புக்கு உரிய இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தை விட்டுவிட்டு, தழும்பில் இருக்கிற முதல் வகையைச் செய்ய ஆரம்பிக்கும். ஜெல்லுக்குள் வைத்தால் பழைய குணம் ஓரளவு திரும்பும், பெருக்கம் குறையும். இந்த இழுபறியிலேயே ஒரு பிஎச்.டி. ஓடிவிடும். தானமாக வந்த திசுவைப் பாதுகாப்பது இன்னொரு தலைவலி: சாதாரணமாக உறையவைத்தால் பெரும்பாலான செல்கள் செத்துவிடும், 4 டிகிரியில் வைத்தாலும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்.

அதனால் உயிரியல்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஜெல் செய்ய வேதியியல், நடக்கும்போது மூட்டில் விழும் அழுத்தத்தை ஆய்வகத்தில் கொடுக்கப் பொறியியல் என்று எல்லாவற்றுக்கும் இடமுண்டு. கணக்கில் கெட்டிக்காரி என்பதால், நானாக இருந்தால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பக்கம் தள்ளுவேன். சொந்தக் கேள்வியை ஆராய பிஎச்.டி. தேவை. செல் தயாரிப்பு, தரப் பரிசோதனை வேலைகளுக்கு முதுகலையோடு போகிறவர்களும் உண்டு. ஆராய்ச்சிப் பணியில் முதல் பல வருடம் ஒப்பந்தம்தான், மறைக்க விரும்பவில்லை. அப்புறம், 'ஸ்டெம் செல் ஊசி' கற்றுத் தருகிறோம் என்று வரும் குறுகிய கால விளம்பரங்களில் பணம் கட்டாதீர்கள்.

முதலில் இரண்டு மாதம் ஏதாவது செல் கல்ச்சர் (செல் வளர்க்கும்) ஆய்வகத்தில் உதவியாளாக இருக்கட்டும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அவை வளரும் சத்துத் திரவமான மீடியத்தை மாற்றப் போயாக வேண்டும். என்றாவது பூஞ்சை பிடித்து மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போகும். அன்று மாலை வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.