மாடலர்களின் ஒலியை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: பல ஆண்டுகளாக 15 வாட் டியூப் ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பெருக்கி) கிட்டார் வாசித்து வருகிறேன். வீட்டில் சத்தமாக வைக்க முடியாததால் ஆம்ப்பின் ஒலியைக் கணக்கீட்டால் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர் வாங்க நினைக்கிறேன். ஹீலிக்ஸ், குவாட் கார்ட்டெக்ஸ், டோன்எக்ஸ் மூன்றையும் கடையில் வாசித்துப் பார்த்தேன். ஒன்று அருமையாக இருந்தது. இன்னொன்று காதைக் கிழித்தது. ஒலித்தரத்தில் எது சிறந்தது?

பதில்: கடையில் உங்களைக் கவர்ந்ததும் காதைக் கிழித்ததும் பெரும்பாலும் அந்தக் கருவிகளின் குணமாக இருக்காது. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒலியளவில், தனக்கென ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியோடு வருகிறது. இந்த இரண்டையும் சமன்செய்யாமல் ஒப்பிட்டால் எந்தக் காதும் ஏமாறும். என் காதும் பலமுறை ஏமாந்திருக்கிறது.

முதலில் ஒலியளவு. ஒரே ஒலியை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே "இது இன்னும் நிறைவாக இருக்கிறது" என்று நமக்குத் தோன்றும். ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் காதுக்கு மங்குகின்றன என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் ஹெட்ஃபோனில் அமைத்த ஒலி மறுநாள் மேடையில் கீழே குழம்பியும் மேலே குத்தியும் கேட்பது இதனால்தான். ஒலியளவைக் காதால் மட்டும் சமன்செய்யாதீர்கள். கைப்பேசியில் உள்ள டெசிபல் மீட்டர் செயலியே இதற்குப் போதும்.

அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் செங்குத்தாக வெட்டிவிடும். டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும்போது, எழும் கரகரப்பை அடக்குவதே அந்த வெட்டுதான். மாடலரில் இந்த வேலையைச் செய்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர்: ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முன் மைக் வைத்துப் பதிந்தெடுத்த அதன் ஒலிச் சுவடு. மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தினாலே ஒலி ஆளே மாறிப் போகும். நீங்கள் சொன்ன மூன்று கருவிகளிலும் நமக்கு வேண்டிய ஐஆர் கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். மூன்றிலும் ஒரே கோப்பை ஏற்றிக் கேளுங்கள். கடையில் மலையாகத் தெரிந்த வேறுபாடு பெருமளவு கரைந்துவிடும்.

மீதமிருப்பதுதான் கருவியின் உண்மையான குணம். அதைப் பிடிக்க நான் மூன்று சோதனைகள் செய்வேன். கிட்டாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து 3-க்கு இறக்குங்கள். டிஸ்டார்ஷன் படிப்படியாகத் தெளிந்து வர வேண்டும், வெறுமனே சத்தம் குறைந்தால் போதாது. பிறகு தடித்த ஆறாம் தந்தியை மீட்டி, ஒலி அடங்கும்வரை விட்டுவிடுங்கள். கடைசி நூலிழையும் மென்மையாக மறைய வேண்டும், நொறுங்கக் கூடாது.

மூன்றாவதுதான் கடினமானது. கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) நிறையக் கூட்டி, முதல் தந்தியில் கடைசி ஃப்ரெட்டுகளில் ஒரு சுரத்தை மெல்ல இழுத்து ஏற்றுங்கள். சுருதி மேலே போகும்போது பின்னணியில் மெல்லிய விசில் ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறதா என்று கேளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கருவியால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணையே ஏந்த முடியும். டிஸ்டார்ஷன் கிளப்பும் மேற்சுரங்கள் அந்த எல்லையைத் தாண்டும்போது மடங்கிக் கீழே விழுகின்றன. அலியாசிங் என்பது இதுதான். அந்த விசில் கேட்காத கருவியில் கணக்கு கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று நம்பலாம்.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதற்கு வருகிறேன். ஹீலிக்ஸ் ஆம்ப்பின் மின்சுற்றைக் கணக்காக எழுதி இயக்குகிறது. குமிழைத் திருப்பினால் அசல் ஆம்ப் போலவே மாறும். டோன்எக்ஸ் ஓர் ஆம்ப்பைக் குறிப்பிட்ட குமிழ் நிலையில் கேட்டுக் கற்றுக்கொள்கிறது, புகைப்படம் எடுப்பதைப் போல. அதன் பிறகு நீங்கள் திருப்பும் பாஸும் ட்ரெபிளும் அந்த ஆம்ப்பினுடையவை அல்ல. குவாட் கார்ட்டெக்ஸில் இரண்டு முறையும் உண்டு. உங்களுக்குப் பழகிய ஆம்ப் ஒன்று கையில் இருப்பதால், டோன்எக்ஸிலோ குவாட் கார்ட்டெக்ஸிலோ அதையே பதிவெடுத்துக்கொள்ளும் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். நண்பரின் ஒத்திகை அறையில் ஒரு பகல் கிடைத்தாலும் போதும். குறைந்த கெயின், நடுத்தரம், உச்சம் என மூன்று நான்கு பதிவுகள் எடுங்கள். ஒரே இசைநிகழ்ச்சியில் பல ஆம்ப்புகளையும் பெடல்களையும் மாற்றி மாற்றி வாசிப்பவர் என்றால் மட்டும் ஹீலிக்ஸ் பக்கம் போங்கள்.

எதை வாங்கினாலும் முதல் நாள் ஓர் ஏமாற்றம் வரும். இத்தனை காலம் நீங்கள் கேட்டது அறையில் நிற்கும் ஆம்ப்பின் ஒலி. ஹெட்ஃபோனில் கேட்கப்போவது அதன் முகத்தருகே வைத்த மைக்கின் ஒலி. சிறிது ரீவெர்ப் (அறையின் எதிரொலி) சேர்த்தால் காது சமாதானமாகும். தந்தியை மீட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்: 3 மில்லி விநாடி என்பது ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆனால் புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம்; அதன் தாமதம் விரலுக்கும் காதுக்கும் இடையிலான உறவையே அறுத்துவிடும்.

பதிவெடுக்கும் நாளுக்கு ஓர் எச்சரிக்கை: சத்தம் வேண்டாமே என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டியூப் ஆம்ப்பை இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் வேண்டாமென்றால் அதன் இடத்தில் பொருத்தமான லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் மின்திறனை ஏற்கும் பெட்டி) இருந்தே ஆக வேண்டும்.