நீச்சல் பழகினால் மலை ஏறும்போது இரைக்காதா?

நீச்சல் பயிற்சி உண்மையிலேயே இதயத்துக்கு நல்லதா, உடம்பின் வலு அதனால் எந்தளவு கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. 43 வயதில் நீந்தப் பழகிய கணக்கு வாத்தியார். வீடு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலை கண்டியில். பிரஷர் கூடப் பார்க்கிறது, இப்போதே கவனியுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஓடலாமென்றால் முழங்கால் விடவில்லை. அப்படித்தான் நீச்சல் தடாகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் மாதம் 25 மீட்டர் போய்ச் சுவரைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அந்தக் களைப்பில் கழுத்தில் கைவைத்து நாடியை எண்ணினால், ஓடிய நாட்களில் வந்த எண்ணிக்கையை விடக் குறைவாக இருந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தப்பில்லை. நீந்தும்போது உடம்பு படுத்த நிலையில் இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் அமுக்குகிறது. காலிலும் வயிற்றிலும் தேங்கும் இரத்தம் நெஞ்சுக்கு ஏறி, இதயம் நன்றாக நிரம்புகிறது. ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைத் தள்ள முடிவதால் துடிப்பு குறைந்தாலும் வேலை நடந்துவிடும். ஓட்டத்தில் எட்டும் உச்சத்தை விட நீச்சலின் உச்சத் துடிப்பு பொதுவாகப் பத்துப் பதினைந்து குறைவு. ஆகவே ஓட்டக்காரர்களின் நாடிக் கணக்கைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள். (இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு முட்டுகிறதே, அதற்கும் காரணம் இதுதான். இதயத்தின் மேலறை விரிந்ததும் உடம்பில் நீர் கூடிவிட்டது என்று சிறுநீரகத்துக்குச் செய்தி போய்விடுகிறது.)

மாதக்கணக்கில் விடாமல் நீந்தினால் இடது கீழறையின் கொள்ளளவு கூடும், சும்மா இருக்கும்போதுள்ள துடிப்பு இறங்கும். காலையில் படுக்கையிலேயே எண்ணுவேன். 78 இருந்தது ஐந்து மாதத்தில் 66க்கு வந்தது. பிரஷரும் இறங்கியது. ஆனால் அதே மாதங்களில் கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டிருந்தேன், முழுப் பெருமையும் நீச்சலுக்கு இல்லை. 50 வயது தாண்டிய, பிரஷர் சற்றுக் கூடியவர்களை 12 வாரம் நீந்த வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2012இல் வந்தது. அதில் மேல் அளவு சராசரியாக 131இலிருந்து 122க்கு இறங்கியிருந்தது.

இனி வலு பற்றி. இவ்வளவும் ஆன பிறகு, ஒரு லீவு நாளில் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்குக் குறுக்குப் பாதையில் ஏறினேன். பாதி வழியிலேயே பழையபடி இரைப்பு. முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு அந்த மலையில் ஏறி இறங்கிய அம்மா, மேலே நின்றுகொண்டு சிரிக்கிறார்: "தண்ணில நீந்துனா மல ஏற கால் வந்துருமா தம்பி?"

அம்மா சொன்னது சரிதான். 1975இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்களைப் பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் நீந்த வைத்தார்கள். நீந்தும்போது உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு சுமார் 11 வீதம் கூடியது. அதே ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தால் சொல்லும்படி ஒன்றும் கூடவில்லை. நீச்சலில் பழகுவது பெரும்பாலும் தோளும் கையும் முதுகும். மலை ஏறத் தொடையும் கெண்டைக்காலும் வேண்டும். இதயம் எவ்வளவு அனுப்பினாலும், வாங்கிச் செலவழிக்கத் தசை பழகியிருக்க வேண்டுமே. எலும்புக்கும் அப்படித்தான்: தண்ணீர் பாரத்தைத் தாங்கிவிடுவதால், நடப்பதில் எலும்பு உறுதிக்குக் கிடைப்பது நீச்சலில் கிடைக்காது. எனக்கு நீச்சலில் பிடித்ததே முழங்கால் வலிக்காததுதான், அதற்கு இது விலை. இப்போது வாரத்தில் மூன்று நாள் தடாகம், சனிக்கிழமை மெதுவாக மலை.

நீங்கள் நுவரெலியாப் பக்கம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், நுவரெலியா 1,900 மீட்டருக்குக் கிட்ட. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எனவே கொழும்பில் நீந்திய தூரத்தை வந்த அன்றே நீந்தப் பார்க்காதீர்கள். மற்றது குளிர். குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று குதித்தால் மூச்சு திணறி இழுக்கும், நாடியும் பிரஷரும் எகிறும். அதே நேரத்தில் முகம் நனைவதால் துடிப்பை மெதுவாக்கச் சொல்லி எதிர்க் கட்டளையும் போகும். இரண்டுக்கும் நடுவில் இதயத்தின் தாளம் தப்பலாம். பிரஷர் குளிசை போடுகிறவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மற்றவர்களும் கால், கை, முகம் என்று நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் இலவசமாகப் பழகலாமே என்று எங்கள் தோட்டத்துப் பையன்கள் கேட்கிறார்கள். அங்கே தண்ணீரும் குளிர், கரையிலிருந்து நாலு எட்டு வைத்தாலே திடீரென்று ஆழம். கண்டிக்கு பஸ் ஏறி வாருங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.