குளோன் கிர் கன்றுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

அண்ணா, குளோன் என்றால் ஒரு மாட்டின் செல்லை எடுத்து அதே மரபணுவோடு உருவாக்கும் கன்று. அந்த மூல மாடு கறந்த 18 லிட்டரை இந்தக் கிர் இனக் கன்றும் அப்படியே கறக்கும் என்று தரகர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் குளோன் கிர் கன்று என்பதே ஆராய்ச்சிக்கூடச் சங்கதி. கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2023 மார்ச்சில் பிறந்த 'கங்கா'தான் முதல் கன்று. ஒரு நல்ல கிர் பசுவின் வாலில் செல் எடுத்து உருவாக்கினார்கள். சந்தையில் விற்கிற நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

சரி, உண்மையான குளோன் என்றே வைத்துக்கொள்வோம். மாடுகளுக்கிடையே பால் அளவில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மரபணுவால் வருவது. மீதி எல்லாம் தீவனம், வெயில், மடிநோய், கன்றாக இருக்கும்போது வளர்த்த விதம். அதோடு, முதல் ஈத்தில் மாடு பொதுவாக மூன்றாம் ஈத்து அளவுக்குக் கறக்காது. மூல மாட்டின் 18 லிட்டர் எந்த ஈத்துக் கணக்கு என்று தரகரிடம் கேட்டீர்களா?

பாலைக் குடிக்கப் பயப்பட வேண்டாம். குளோன் மாட்டுப் பாலும் சாதாரணப் பால் போலவே பாதுகாப்பானது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-லேயே சொல்லிவிட்டது. கொழுப்பு, புரதம் எல்லாம் மற்ற மாடுகளில் காணும் அளவிலேயே இருந்தன.

அந்தப் பணத்தில் தாய்ப் பசுவின் கறவைப் பதிவு உள்ள காளையின் பாலினம் பிரித்த சினை ஊசியை உங்கள் மாடுகளுக்கே போடுங்கள். ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது கிடேரிதான் (பெண் கன்று) பிறக்கும். பருவம் பார்த்துப் போடச் சொல்லுங்கள், இந்த ஊசியில் சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு.