சாம்பல் கொக்கும் வெள்ளைக் கொக்கும்

அன்புள்ள சார்,

செம்பூரில் வசிக்கிறேன். பணி ஓய்வு பெற்றதும் மகள் ஒரு பைனாகுலர் வாங்கித் தந்தாள். உங்கள் பறவைக் கட்டுரைகளைப் படித்த தைரியத்தில் இந்தக் குளிர்காலம் ஒரு குழுவோடு செவ்ரிக்கும் பாண்டுப்புக்கும் போய்வந்தேன். போகும்போது இருந்த உற்சாகம் இப்போது இல்லை. செவ்ரி சேற்றில் ஒரு வெள்ளைக் கொக்கும் ஒரு சாம்பல் கொக்கும் அருகருகே நின்றன. இரண்டு இனம் என்று எழுதிக்கொண்டேன். இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். அப்படியானால் ஆணும் பெண்ணுமா என்று கேட்டேன், சிரித்துவிட்டார்கள். அப்புறம் பழுப்புத்தலைக் கடற்காகம் என்று ஒன்றைக் காட்டினார்கள். அதன் தலை வெள்ளை! வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த படங்களைச் செயலியில் போட்டால், ஒரே பறவைக்கு மூன்று படத்தில் மூன்று பெயர் வருகிறது.

நிறத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் கையேடுகளில் ஏன் இத்தனை வண்ணப் படங்கள்? குழுவில் ஒரு பெரியவர், "நிறத்தை மறந்துவிடுங்கள், தோரணையைப் பாருங்கள்" என்கிறார். எனக்கு எல்லாக் கொக்கும் ஒரே தோரணையில்தான் நிற்கின்றன. நல்ல கேமரா ஒன்று வாங்கினால் சரியாகுமா?

(பெயர் வேண்டாம்)
செம்பூர், மும்பை

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தக் கொக்கு விஷயத்தை முடித்துவிடுவோம். அவர்கள் சொன்ன விடை சரி. ஆனால் நீங்கள் கேட்டது சிரிக்கிற கேள்வி இல்லை. உங்கள் வீட்டு வேப்பமரத்துக் குயிலில் ஆண் கன்னங்கரேல், பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக இருக்கும். பெண்குயிலை வேறு ஏதோ பறவை என்றே வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பவர்கள் ஏராளம். அதைத் தெரிந்தவர் கொக்கிலும் அப்படித்தானோ என்று கேட்பது முறையான கேள்விதான்.

நீங்கள் பார்த்தது கரைக்கொக்கு. கையேடுகளில் வெஸ்டர்ன் ரீஃப் ஹெரான் அல்லது ரீஃப் எக்ரெட் என்று போட்டிருக்கும். கடலோரத்தையும் கழிமுகத்தையும் விட்டு அதிகம் உள்ளே வராத பறவை. அதில் பிறவியிலேயே இரண்டு நிறம் உண்டு. ஒன்று சிலேட்டுச் சாம்பல், மற்றது முழு வெள்ளை. இரண்டும் கலந்து திட்டுத்திட்டாகவும் எப்போதாவது வரும். ஆணிலும் சாம்பல் உண்டு, வெள்ளை உண்டு, பெண்ணிலும் அப்படியே. பருவத்துக்குப் பருவம் மாறுகிற நிறமும் இல்லை.

சாம்பல் நிறத்ததைப் பிடித்துவிடலாம். மோவாயும் தொண்டையும் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், சாம்பல் உடம்பில் அது தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளை நிறத்தது பக்கத்தில் மேயும் சின்னக் கொக்கோடு குழம்பும். சின்னக் கொக்கின் அலகு மெல்லியது, நேரானது, கருகரு. கரைக்கொக்கின் அலகு கொஞ்சம் தடித்து, நுனிப்பக்கம் இலேசாகத் தாழ்ந்து, பழுப்போ மஞ்சளோ ஓடியிருக்கும். சின்னக் கொக்குக்குக் கருப்புக் காலில் பாதம் மட்டும் மஞ்சள். கரைக்கொக்குக்கு அந்த மஞ்சள் பாதத்தோடு நிற்காமல் காலிலும் கொஞ்சம் ஏறியிருப்பதுண்டு. சேறு அப்பியிருந்தால் இது உதவாது, செவ்ரியில் எப்போதும் அப்பித்தான் இருக்கும். பிறகு இரை தேடும் விதம். கரைக்கொக்கு ஆழமில்லாத தண்ணீரில் சிறகை விரித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடி, திடீரென்று திரும்பி, குத்தும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. "நிறத்தை மறந்துவிடுங்கள்" என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. அதைச் சொல்பவர்கள் பல வருடம் நிறங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டவர்கள். அவர்கள் கண் அந்த வேலையைக் கேட்காமலே செய்துவிடுகிறது, அதனால் தோரணை மட்டுமே போதும் என்று தோன்றுகிறது. புதிதாக வருபவருக்கு இறகுதான் முதல் பிடி. அதை என்ன நிறம் என்று கேட்டுப் பார்ப்பதால்தான் தகராறு. எந்த நிறம் உடம்பில் எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும்.

மாட்டுங்காவில் புடவைக் கடைக்குப் போகிறீர்கள். "பச்சைப் புடவை" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கடையையே இறக்கிப் போடுவார். பச்சை உடல், அரக்குக் கரை, முந்தானையில் மட்டும் ஜரிகை என்றால் நேராக ஒரு அடுக்குக்குக் கை போகும். பறவையையும் இப்படி உச்சி, கண், மோவாய், மார்பு, சிறகு, முதுகடி (வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடம்), வாலடி (வாலுக்குக் கீழே) என்று பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும்.

மும்பையில் இதற்கு நல்ல பாடம் சின்னான்கள், அதாவது புல்புல்கள். நம் குடியிருப்புத் தோட்டங்களிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஓரங்களிலும் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வாலடி சிவப்பு. "வாலுக்குக் கீழே சிவப்பு இருந்தது" என்று எழுதிவந்தால் ஒன்றும் எழுதாத மாதிரிதான். செம்மீசைச் சின்னானுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திட்டு, நிமிர்ந்த கூர்க் கொண்டை, வெள்ளைத் தொண்டை. மற்றதற்குத் தலையும் தொண்டையும் கருப்பு, கொண்டை குட்டை, பறக்கும்போது முதுகடியில் வெள்ளை தெரியும். செம்மீசைக் குஞ்சுக்கு அந்த மீசைச் சிவப்பே இருக்காது. அப்போது கைகொடுப்பது கொண்டையும் வெள்ளைத் தொண்டையும்தான்.

இப்படி இடம் பார்த்து அடையாளம் காண்பது ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. முன்பெல்லாம் பறவையைச் சுட்டு, கையில் எடுத்து, அளந்து, தோலைப் பதப்படுத்திப் பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இதே ஊரில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். தொண்டையில் ஒரு மஞ்சள் திட்டு இருந்ததால் அது என்ன என்று கேட்டு, 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார்கள். அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கிறவருக்காக, 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற ஓவியர் ஒரு கையேடு போட்டார். ஒத்த பறவைகளை ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னக் கோடு இழுத்துக் காட்டினார். உங்கள் கையேட்டின் வண்ணப் படங்கள் அந்த வழியில் வந்தவை. பக்கத்தை ஆல்பம் மாதிரிப் புரட்டாதீர்கள். பக்கத்துப் பறவைக்கும் இதற்கும் எங்கே வேறுபடுகிறது என்று மட்டும் தேடுங்கள்.

சரி, கடற்காகம். அதன் தலை பழுப்பாவது இனப்பெருக்கக் காலத்தில். கூடு கட்டுவது லடாக், திபெத் போன்ற மேட்டு நில ஏரிகளில். மும்பைக்கு வருவது குளிருக்கு ஒதுங்க. அதனால் டிசம்பர், ஜனவரியில் நமக்குக் கிடைப்பது வெள்ளைத் தலையும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டும். கருந்தலைக் கடற்காகத்துக்கும் குளிர்காலத்தில் இதே வெள்ளைத் தலை, இதே பொட்டு. தலையை விட்டுவிட்டுச் சிறகு நுனிக்குப் போகவேண்டும். வளர்ந்த பழுப்புத்தலைக்குச் சிறகு நுனி அகலமாகக் கருப்பு, அந்தக் கருப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள். கண்ணில் பாவையைச் சுற்றிய வளையம் வெளிறியிருக்கும். கருந்தலைக்குச் சிறகின் முன் விளிம்பில் ஒரு வெள்ளை ஆப்பு ஓடும், கருப்பு நுனியில் மட்டும் மெலிதாக நிற்கும், கண் கருப்பு. மெரின் டிரைவில் சேவும் காட்டியாவும் வீசி அவற்றைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் தலைக்கு மேலே வட்டமிடும்போது சிறகு நுனி நன்றாகத் தெரியும் என்பதையும் மறுக்கமுடியாது.

நிறம் ஏன் இப்படி மாறுகிறது? இறகு கெரட்டினால் ஆனது, நம் நகமும் அதே பொருள்தான். முளைத்து முடிந்த இறகுக்கு உயிர் இல்லை, சாயம் ஏற்ற வழியில்லை. மாற வேண்டுமானால் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேயவேண்டும். தேய்ந்தே அழகாகும் பறவை ஒன்று இருக்கிறது, நம் சிட்டுக்குருவி. ஆண் குருவிக்குப் புது இறகு முளைத்தவுடன் தொண்டைக் கருப்பின் மேல் வெளிறிய சாம்பல் நுனிகள் மூடியிருக்கும். நாளாக ஆக அந்த நுனிகள் தேய்ந்து உதிர, அடியில் இருக்கும் கருப்பு வெளியே வருகிறது. கூடு கட்டும் நேரத்தில் அதற்குக் கரிய மார்பட்டை தயார், புது இறகு ஒன்றுகூட முளைக்கவில்லை. உங்கள் ஜன்னலுக்கு இன்னும் குருவி வருகிறது என்றால் ஒரே ஆணை மாதாமாதம் பாருங்கள். கருப்பு நிறமி உள்ள இறகு உறுதியானது, மெதுவாகத் தேயும். காற்றில் அதிகம் அடிபடும் சிறகு நுனியில் கடற்காகத்துக்குக் கருப்பு இருப்பது அந்த வகையில் வசதி. அதிலேயே இருக்கும் வெள்ளை ஓரங்கள் கோடைக்குள் தேய்ந்து காணாமலும் போகும்.

செவ்ரிச் சேற்றில் கூட்டமாக மேயும் கரைப் பறவைகளுக்கும் இதே கதைதான். கர்லூ சேண்ட்பைப்பர் குளிர்காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல். ஏப்ரலில் வடக்கே கிளம்புமுன் செங்கல் சிவப்பு ஏறத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து இறங்கும்போது சிலவற்றில் அந்தச் சிவப்பு அங்கங்கே மிச்சமிருக்கும். கருவால் மூக்கனும் இப்படித்தான் சாம்பலுக்கும் சிவப்புக்கும் போய்வரும். ஆனால் அது எழுந்து பறந்தால் எந்த மாதமானாலும் சிறகில் வெள்ளைப் பட்டை, முதுகடி வெள்ளை, வால் நுனி கருப்பு. மாறாத அடையாளங்கள் பல பறவைகளில் உட்கார்ந்திருக்கும்போது மடிந்து ஒளிந்திருக்கும். எழும் வரை பொறுத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

உங்கள் குழு காலையில்தான் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். செவ்ரி ஜெட்டி கிழக்கே பார்த்தது. காலையில் சூரியன் உங்கள் முகத்தில். கொக்கும் கருப்பு, மூக்கனும் கருப்பு, அடல் சேதுப் பாலமும் கருப்பு. பிற்பகலில், நீரேற்றம் வரும் நேரம் பார்த்துப் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், ஏறும் தண்ணீர் பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். செம்பூரிலிருந்து அதே ஹார்பர் லைன்தானே.

வெளிச்சம் இல்லாவிட்டால் சில நிறங்கள் இருப்பதே இல்லை. மீன்கொத்தியின் நீலத்தில் நீலச் சாயம் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டுவது அது. ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கருப்புப் பறவை, தலையைத் திருப்பினால் ஊதாவும் பச்சையும் மின்னும். இனப்பெருக்கம் முடிந்ததும் அந்த ஆணே பெண்ணைப் போல மங்கிய மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தக் கோடு தெரிந்தால் போதும்.

பூநாரையில் நிறத்தின் அளவை நம்பவே கூடாது. அந்த இளஞ்சிவப்பு சாப்பாட்டிலிருந்து வருவது. இளசுகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், சிவப்பேற வருடங்கள் ஆகும். வெளிறியதெல்லாம் பெரிய பூநாரை, சிவந்ததெல்லாம் சிறியது என்று பிரிக்காதீர்கள். அலகைப் பாருங்கள். பெரியதற்கு இளஞ்சிவப்பு அலகும் கருப்பு நுனியும். சிறியதற்கு அலகு முழுக்கவே கருஞ்சிவப்பு, தூரத்தில் கருப்பாகவே தெரியும்.

அந்தப் பெரியவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பருந்துகளில் அவர் சொன்னதுதான் சரி. இளம் செம்பருந்துக்குச் செம்மையும் இல்லை, வெள்ளைத் தலையும் இல்லை, வெறும் பழுப்பு. நம் மாடிகளுக்கு மேல் சுற்றும் கள்ளப்பருந்தும் பழுப்பு. வால் முனை வட்டமாக இருந்தால் செம்பருந்து, பிளவுபட்டிருந்தால் கள்ளப்பருந்து. அங்கே உருவம் முந்திக்கொள்கிறது, நிறம் பின்னால் வருகிறது.

செயலி உங்களைக் குழப்பியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு படத்தில் நிழல், ஒன்றில் அலகு மறைவு, ஒன்றில் எதிர்வெயில் என்றால் அது பாவம் என்ன செய்யும்? இடத்தையும் தேதியையும் கொடுத்தால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லும். ஆனால் அதைக் கேட்குமுன் ஒரு நோட்டில் நீங்களே எழுதிவிடுங்கள்: மாதம், மணி, சூரியன் எந்தப் பக்கம், அலகு, கால், எங்கே கருமை, எங்கே வெளுப்பு, என்ன செய்துகொண்டிருந்தது. பெயரைக் கேட்டபின் எழுதினால் பார்க்காததையும் சேர்த்து எழுதிவிடுவோம். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். வாட்சப் குழுக்களில் முதலில் பெயர் சொல்பவருக்கு ஏதோ பரிசு தருவதுபோல் ஒரு போட்டி நடக்கிறது, அதில் சேரவேண்டாம்.

கேமரா இப்போதைக்கு வேண்டாம். கையில் கேமரா இருந்தால் பறவை பறந்துபோகும் வரை எடுத்துத் தள்ளிவிட்டு, பிறகு திரையைப் பார்க்கத்தான் தோன்றும். மகள் வாங்கித் தந்த பைனாகுலர் எட்டு மடங்கா பத்து மடங்கா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், பாருங்கள். பத்து என்றால் கை நடுக்கம் படத்தில் தெரியும், ஜெட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். சுவரில் மீன் கழுவிய ஈரம் இருக்கும், பழைய துணி ஒன்று பையில் இருக்கட்டும்.