பாழடைந்த பழைய பண்ணை வீடு வாங்குவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி: நிலத்தோடு ஒரு பழைய பண்ணை வீடு விலைக்கு வருகிறது. கூரை பாதி இறங்கிவிட்டது. வாங்கலாமா?

மழை பெய்யும்போது போய்ப் பார்த்தீர்களா? வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். கூரைத் தண்ணீர் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று பாருங்கள். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த மரம் போய்விட்டது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அரிக்காது. அதனால் வாங்கினால் முதல் செலவு கூரைக்குத்தான்.

கேள்வி: சுவரில் விரிசல் இருக்கிறதே?

வளர்கிற விரிசலா என்பதுதான் கேள்வி. இருபுறமும் பென்சிலால் குறியிட்டு ஒரு வருஷம் அளக்க வேண்டும். அவ்வளவு நாள் இல்லையென்றால் கட்டடப் பொறியாளரை அழைத்துப் போங்கள்.

கேள்வி: சுண்ணாம்புச் சுவரில் ஈரம். கொத்தனார் சிமெண்ட் பூசச் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரம் உப்போடு சேர்ந்து கல்லையே உதிர்க்கும். முதலில் வெளியே சுவரோரம் ஏறிக் கிடக்கும் மண்ணை வெட்டி, உள்தரையை விடத் தாழ்த்துங்கள். பாதி ஈரம் அதிலேயே குறையலாம்.

கேள்வி: சுண்ணாம்பில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து பூசினேன். 3 வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறது?

3 வருஷம் இந்தச் சுவருக்கு ஒரு கணக்கே இல்லை. கற்களுக்கு நடுவே வைக்கும் இணைப்புச் சாந்து கல்லை விட மென்மையாக இருக்க வேண்டும். சாந்து தேய்ந்தால் மறுபடி பூசலாம், தேய்ந்த கல்லை என்ன செய்வீர்கள்? சிமெண்ட் இணைப்பு மட்டும் வரம்பு போல நீட்டிக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்துபோன சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய சாதாரண சிமெண்டான போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அதற்கு முன் கட்டியவை அது இல்லாமலேதான் இவ்வளவு காலம் நின்றன. சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தரையில் மட்டும் சிமெண்ட் போடலாமா?

தரையில் அடைபட்ட ஈரம் சுவரில்தான் ஏறும். மேலே சொன்னதை மறுபடி படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி: வங்கிக் கடன் கிடைக்குமா?

என் துறை இல்லை. வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: நிலத்துக்குப் பாதை பக்கத்து நிலம் வழியாகப் போகிறது. விற்பவர் பிரச்சினை இல்லை என்கிறார்.

வாய்ச்சொல் போதாது. பாதை உரிமையும் கிணற்று உரிமையும் பத்திரத்தில் இருக்கிறதா என்று வக்கீல் பார்க்கட்டும். பழமைக்காக அரசு பாதுகாக்கும் கட்டடமா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் ஜன்னலை மாற்றவும் அனுமதி தேவைப்படலாம்.

கேள்வி: வீடு பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. நாளை முன்பணம் தரப் போகிறேன்.

மழையில் பார்த்தீர்களா? இல்லையென்றால் நாளைக்குக் கொடுக்காதீர்கள்.