'இல்' ஒன்று, இங்கிலிசில் மூன்று

கேள்வி: மகள் இந்த வருடம் ஓ.எல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதுகிறாள். இங்கிலிஸ் கட்டுரை என்றால் 'இன்', 'ஒன்', 'அற்' மூன்றையும் கண்டபடி போடுகிறாள். ரியூசன் ரீச்சர் ஒரு நீளப் பட்டியல் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறார். பாடமாக்கினால் சரி வருமா?
- ஒரு அம்மா, கோப்பாய்

பதில்: பட்டியலை எறிய வேண்டாம், ஆனால் அதில் தொடங்கவும் வேண்டாம். பிள்ளையில் பிழையில்லை அம்மா, எங்கள் 'இல்' செய்கிற வேலை இது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், கே.கே.எஸ் வீதியில் கடை வைத்திருக்கிறேன், தட்டாதெருச் சந்தியில் நிற்கிறேன் என்று மூன்றுக்கும் ஒரே உருபை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இங்கிலிஸ்காரனோ ஊர் உன்னைச் சுற்றி இருக்கிறது, அதற்கு 'இன்', வீதி ஒரு கோடு, அதற்கு 'ஒன்', சந்தி ஒரு புள்ளி, அதற்கு 'அற்' என்று பார்க்கிறான். மகளை எழுதச் சொல்வதற்கு முதல் கீறச் சொல்லுங்கள்: வட்டமா, கோடா, புள்ளியா?

காலத்துக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 'இன் 2014', மாதம் சொன்னால் 'இன் ஒக்டோபர்', திகதியோடு சொன்னால் 'ஒன் 13 ஒக்டோபர்', மணி சொன்னால் 'அற்'. அப்ப காலையில் 'இன் த மோனிங்', இரவில் மட்டும் ஏன் 'அற் நைற்' என்று கேட்பாள். அது பழக்கம், அதற்கு நியாயம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாகனம் லேசு. உள்ளே எழும்பி நடக்கலாமென்றால் 'ஒன்': பஸ், ரயில். குனிந்து ஏறிக் குந்த வேண்டுமென்றால் 'இன்': கார், ஓட்டோ.

எங்கள் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடம் 'சின்ஸ்'. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதாத கொப்பியை நான் காணவில்லை. இதற்கு மட்டும் தமிழே கைகொடுக்கும். 'தொடக்கம்' என்று வந்தால் 'சின்ஸ்', 'ஆக' என்று வந்தால் 'ஃபோர்'. 2020 தொடக்கம் படிக்கிறேன், ஐந்து வருடமாகப் படிக்கிறேன். இரண்டுக்கும் வினை 'ஹாவ் பீன்' என்றுதான் வரும், 'ஐ ஆம்' போட்டால் புள்ளி போச்சு.

சரி, அந்தப் பட்டியல்? அது தேவைப்படுவது சொல்லோடு சொல் சோடி சேருகிற இடத்தில். பாம்புக்குப் பயம் என்பதை நினைத்து 'அஃப்ரெயிட் ரு' என்று எழுதுவாள், சரி 'அஃப்ரெயிட் ஒஃப்'. கணக்கில் கெட்டி 'குட் அற்'. ஒருவரோடு கலியாணம் என்றாலும் 'மரீட் ரு' தான், 'வித்' இல்லை. 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில் அதற்குப் பின்னால் 'அபவுட்' போட்டு, மேலதிகாரி சிவப்புப் பேனையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார், அந்தச் சுழி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்படிச் சோடிகளில் நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வசனம் எழுதினால் போதும்.

கேள்வி: நெடுந்தீவுக்கு 'இன்'னா, 'ஒன்'னா?
- நெடுந்தீவு வாசகர்

பதில்: சின்னத் தீவென்றால் 'ஒன்'. இலங்கையும் தீவுதானே என்பீர்கள். அதை நாடாகச் சொல்வதால் 'இன்'. குறிகட்டுவான் துறையில் குமுதினிப் படகில் ஏறினால் நீங்கள் 'ஒன்', சின்ன வள்ளத்தில் குந்தினால் 'இன்'.