முட்டையை உருட்டி விடுவது அவ்வளவு முக்கியமா?

கேள்வி: தெர்மோகோல் பெட்டியில் பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்து நானே ஓர் இன்குபேட்டர் செய்து, 30 கோழி முட்டைகளை வைத்தேன். மின்விசிறி இல்லை. மூடிக்குக் கீழே தொங்கும் தெர்மோமீட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் காட்டியது. தினமும் இரவில் ஒரு முறை முட்டைகளை உருட்டி விட்டேன், முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டேன். அதன் பிறகு 21ஆம் நாள் வரை விடாமல் உருட்டினேன். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தேன். 22, 23ஆம் நாட்களில் 7 குஞ்சுகள் மட்டும் வந்தன. மீதியை உடைத்துப் பார்த்தேன். 5 முட்டைகளில் கருவே இல்லை. 8 முட்டைகளில் சிறிய கரு ஓட்டோடு ஒட்டிச் செத்திருந்தது. 10 முட்டைகளில் குஞ்சு முழுதாக வளர்ந்து உள்ளேயே இறந்திருந்தது. அவற்றில் சிலவற்றின் கூர்முனையில் பசை மாதிரி வெள்ளைக்கரு மிச்சம் இருந்தது. உருட்டி விடுவதில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா? எங்கே தவறினேன்?

பதில்: கூமுட்டை என்று தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் திருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறது. ஆமாம், உருட்டி விடுவதில் நிறைய விஷயம் இருக்கிறது. அதிலும், நீங்கள் மறந்துபோன அந்த முதல் வாரத்தில்தான் அதிகம்.

மஞ்சள்கருவில் கொழுப்பு அதிகம். அதனால் அது வெள்ளைக்கருவை விட லேசானது, மேலே மிதந்து வரும். கரு உட்கார்ந்திருப்பது மஞ்சள்கருவின் உச்சியில். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு மேலேறி, ஓட்டின் உள்பக்க ஜவ்வைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதற்கு வளர வழியில்லை. வேறு காரணத்தால் செத்த கருவும் பிறகு ஒட்டுவதுண்டு. ஆனால் உங்களுக்கு எட்டும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கின்றன, போதாததற்கு வெள்ளைக்கரு மிச்சமும் இருக்கிறது. அதனால் திருப்பாததையே முதல் காரணமாகச் சொல்வேன்.

அந்த மிச்ச வெள்ளைக்கருவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதல் வாரத்தில் கருவைச் சுற்றி ரத்தக் குழாய்கள் வலை மாதிரிப் பரவுகின்றன. அதன்பின் ஒரு ஜவ்வு ஓட்டின் உள்பக்கம் முழுவதும் படர்ந்து, வெள்ளைக்கருவையும் சேர்த்து மூடிக்கொள்கிறது. குஞ்சு மூச்சு விடுவதும் அந்த ஜவ்வு வழியாகத்தான். இரண்டாம் வாரக் கடைசியில் வெள்ளைக்கரு குஞ்சு மிதக்கும் நீருக்குள் வந்து சேரும், குஞ்சு அதை விழுங்கி வளரும். 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை சரியாகத் திருப்பாவிட்டால் இந்தப் படர்தல் குறைபடும், வெள்ளைக்கருவும் உள்ளே போகாமல் கூர்முனையிலேயே தங்கிவிடும். முதல் வாரத்தில் விட்ட தவறு மூன்றாம் வாரத்தில்தான் சாவாகத் தெரியும். பலரும் கடைசி நாட்களையே குறை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடைக்கோழியைக் கவனித்தால் புரியும். முட்டைகளை அலகால் ஒதுக்கி, காலால் நகர்த்தி, ஒரு நாளில் பல தடவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பெரிய பொரிப்பகங்களில் மணிக்கு ஒரு முறை 45 டிகிரி சாய்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை திருப்புங்கள். இரட்டைப்படை வேண்டாம். இரவில் நெடுநேரம் தொடாமல் விடுகிறோம் அல்லவா, ஒற்றைப்படையாகத் திருப்பினால் நேற்றிரவு மேலே இருந்த பக்கம் இன்றிரவு கீழே போகும்.

ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். பேனா மை வேண்டாம். காலையில் வலது பக்கம் உருட்டினால் அடுத்த தடவை இடது பக்கம் உருட்டுங்கள். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் மஞ்சள்கருவைப் பிடித்திருக்கும் வெள்ளை நார் முறுக்கேறும். ஓரத்து முட்டைகளை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றுங்கள், பெட்டியின் மூலைகள் எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருக்கும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், எண்ணெய்க் கை ஓட்டின் துளைகளை அடைத்துவிடும். திருப்புவதற்காக இரண்டு மூன்று நிமிடம் மூடியைத் திறப்பதால் கெடுதல் இல்லை. தாய்க்கோழியே தீனிக்கு எழுந்து போய்விட்டுத்தானே வருகிறது.

18 நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்த வேண்டும். குஞ்சு தலையை அகன்ற முனையில் உள்ள காற்றறைப் பக்கம் கொண்டுவந்து வெளியே வரத் தயாராகும் நேரம் அது. நீங்கள் கடைசி வரை உருட்டியதை விட, அதற்காகத் தினமும் மூடியைத் திறந்ததுதான் அதிகம் கெடுத்திருக்கும். திறந்ததும் ஈரம் போய்விடும், உள்ஜவ்வு காய்ந்து தோல் மாதிரிக் குஞ்சை இறுக்கிப் பிடிக்கும். நாளை எண்ணுவதிலும் கவனம் வேண்டும்: வைத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஆனால்தான் ஒரு நாள்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் இருக்கட்டும். ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். டம்ளர் உதவாது. தண்ணீரின் ஆழத்தால் பயனில்லை, காற்றுபடும் பரப்புதான் ஈரம் தரும். அகலமான தட்டு வையுங்கள். கடைசி நாட்களில் ஒரு ஸ்பாஞ்சையும் நனைத்து வைக்கலாம். சரியாகப் போகிறதா என்பதை எடையில் பாருங்கள். 18ஆம் நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும், அதாவது 50 கிராம் முட்டை சுமார் 44 கிராம். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கடைசியில் குஞ்சுகளுக்கு அதிகக் காற்று வேண்டும்.

குஞ்சுகள் 22, 23ஆம் நாள் வந்தன என்பதே சூடு குறைவு என்று சொல்கிறது. மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும். மூடியடியில் 37.5 என்றால் முட்டைக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. தெர்மோமீட்டரை முட்டைகளின் மேல்மட்டத்தில் வைத்து 38.5 வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன மின்விசிறி பொருத்தினால் 37.5 போதும், நான் அதையே சொல்வேன். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுச் சூடு நிலையாக நிற்கிறதா பாருங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம், கம்பளியால் மூடி வையுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். சூடு 40 டிகிரியைத் தாண்டினால்தான் ஆபத்து.

கரு இல்லாத ஐந்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், 30க்கு அது சாதாரணம். 10 கோழிக்கு ஒரு நல்ல சேவல், இட்டு 7 நாளுக்குள் வைத்த முட்டை, அதுவரை கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான குளுமையில் சேமிப்பு, இவ்வளவு போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திக்கால் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். தெளிவாக இருப்பதையும், ரத்த வளையம் மட்டும் தெரிவதையும் எடுத்துவிடுங்கள். 18ஆம் நாள் இன்னொரு முறை பாருங்கள்.

குஞ்சு ஓட்டில் முதல் துளை போட்ட பிறகு முழுதாக வெளிவர 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஓட்டை உரிக்காதீர்கள், ஜவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். வந்த குஞ்சுகள் உடம்பு காய்ந்து பொசுபொசுவென்று ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கருவை வைத்து இரண்டு நாள் தாங்கும்.

அடுத்த தடவை 10, 12 முட்டைகளோடு தொடங்குங்கள். இந்த முறை போலவே, பொரிக்காததை உடைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். கூர்முனையில் பசை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.